கடனும் வீடும்: ‘திரு. பிஸ்வாசுக்கு ஒரு வீடு’ என்னும் புதினம் பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

கடன், வீடு என்னும் இரு சொற்களும் தமிழில் இருபொருள் தாங்கி நிற்பன. கடன் என்பது ஒருவன் செய்தற்குரிய முறைமையைக் குறிக்கும். பிறர்க்கு அவன் திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். வீடு என்பது குடியிருக்கும் மனையைக் குறிக்கும். பற்று நீங்கிப் பெறும் விடுதலையையும் குறிக்கும். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை ஆகியோர்க்கு உரியவற்றைப் பொன்முடியார் வகுத்துரைக்கும் புறப்பாட்டில் (312) கடன் முதற்பொருளிலேயே வருகின்றது. வீடு என்பதோ ‘விடு’ என்னும் வினையடியிற் பிறந்த முதனிலை நீண்ட தொழிற்பெயர். கெடு என்பது கேடு எனவும், சுடு என்பது சூடு எனவும் ஆதல் போல்வது. குடியிருக்கும் இடத்தைச் சுட்டச் சங்கப் புலவர் பெரிதும் ஆண்ட சொற்கள் இல், மனை என்பன. விடுதலைப் பெயர் மனைக்கும் வழங்கலாயிற்று என்பது சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டுமன்றித் திறனாய்வாளர்க்கும் பயன்படும் செய்தியாகும்.

கடன்பட்ட ஒருவன் தன் முதல் வீட்டை வாங்குகின்றான். அவன் வாங்கியது விடுதலையா, இன்னுமொரு தளையா? இவ்வினாவை உலக இலக்கியத்தில் விரிவாக எழுப்பிய நூல்களுள் ஒன்று, வி. எஸ். நைப்பால் 1961இல் வெளியிட்ட ‘திரு. பிஸ்வாசுக்கு ஒரு வீடு’ என்னும் ஆங்கிலப் புதினம். அதனை மேற்கூறிய இரு சொற்களின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். அப்புதினத்து மாந்தர் வட இந்தியாவினின்று திரினிடாடுத் தீவிற்குக் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்டோரின் வழியினர், தமிழறியாதவர். ஆசிரியரும் நம் சொற்பொருளை உன்னி எழுதியவரல்லர். எனினும், பிறமொழி நூலொன்றை அளக்கும்போது நம் மரபின் அளவுகோலையும் எடுத்துப் பார்த்தல் தவறன்று. அக்கோல் புதிதாக ஒன்றைக் காட்டுமாயின் அதனைக் கொள்ளலாம், இல்லையேல் தள்ளலாம்.

2. கணக்கில் தொடங்கும் கதை

இப்புதினம் முன்னுரையோடு தொடங்கிப் பின்னுரையோடு முடிகின்றது. முன்னுரை தலைமகனின் பிறப்பைக் கூறாது இறப்பைக் கூறுகின்றது. போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரின் சிக்கிம் தெருவில் வாழும் செய்தியாளர் மோகன் பிஸ்வாஸ், தாம் இறத்தற்குப் பத்துக் கிழமைகட்கு முன் வேலையினின்று நீக்கப்படுகின்றார். அகவை 46, மக்கள் நால்வர், கையிற் பொருளில்லை. வீட்டின்மேல் நிற்கும் கடன் 3,000 டாலர். நூற்றுக்கு எட்டு என்னும் விகிதப்படி அதற்குத் திங்கள்தோறும் வட்டி 20 டாலர். வீடு நிற்கும் நிலத்திற்கு வாடகை 10 டாலர்.

தலைமகனை அறிமுகப்படுத்தும்போதே அவன் கடன்தொகையையும் வட்டி விகிதத்தையும் ஆசிரியர் எழுதிவைத்தது ஏன்? வீட்டை மனிதனின் தன்னுரிமைக்கு அடையாளமாகக் கண்டு, இந்நூலை வெற்றியின் கதை என்பார் ஒருசாரார். அவர்கள் இக்கணக்கை வறுமைச் சித்திரத்தின் ஒரு கூறாகவே கொண்டு கடந்துவிடுவர். குறைகள் நிறைந்த வீட்டை மிகை விலைக்கு வாங்கிய பேதைமையைக் காட்டி, இதனை ஏளனத்தின் கதை என்பார் மற்றொரு சாரார். அவர்கட்கு இக்கணக்கே போதிய சான்றாகும். இவ்விரு கூற்றும் நூலின் ஒரு பாதியையே தழுவுவன. கணக்கு முன்னே வைக்கப்பட்டமைக்குக் காரணம் வேறொன்று உண்டு. அதனை அறியப் பிஸ்வாஸ் அதற்கு முன் வாழ்ந்த மனைகளை நோக்குதல் வேண்டும்.

3. எண்ணில்லாக் கடன்

பிஸ்வாஸ் தந்தையை இளமையில் இழந்தவர். குடும்பத்தின் குடிசையும் கைவிட்டுப் போயிற்று. பெயர்ப்பலகை எழுதுந் தொழிலை மேற்கொண்டவர், அர்வாக்காசு என்னும் ஊரிலுள்ள அனுமான் இல்லத்திற்கு அத்தொழிலின் பொருட்டுச் சென்று, அவ்வில்லத்துப் பெண் சாமாவை மணக்கும்படி நேர்கின்றது. அது துல்சி குடும்பத்தின் பெருமனை. பெண்மக்களும் அவர்தம் கணவரும் பிள்ளைகளும் அங்கே கூடி வாழ்வர். மருமக்கள் குடும்ப நிலத்திற் பாடுபடுவர். உணவும் உறையுளும் பெறுவர். யார் எவ்வளவு கொடுத்தார், யார் எவ்வளவு பெற்றார் என்னும் ஏடு அங்கில்லை. ஏடு இல்லாமையாற் கடன் இல்லை என்று கருதுதல் பிழை. கடனுக்கு எல்லை இல்லை என்பதே அதன் பொருள்.

அதன்பின் பிஸ்வாஸ் குடியேறும் இடங்களை வரிசைப்படுத்திக் காண்போம். ‘சேசு’ என்னும் சிற்றூரில் அவர் நடத்தும் கடை துல்சி குடும்பத்தது. ‘கிரீன் வேல்’ தோட்டத்தில் அவர் கூலியாட்களை மேற்பார்க்கின்றார், அந்நிலமும் அவர்களதே. அங்கே தாமே ஒரு வீடு கட்டத் தொடங்குகின்றார். அது முற்றுப்பெறுமுன் புயலும் மனநோயும் அவரை வீழ்த்துகின்றன. ‘சார்ட்ஹில்ஸ்’ என்னுமிடத்தில் இரண்டாம் முறை வீடு கட்டுகின்றார்; அதுவும் அக்குடும்பத்து நிலத்தின் மேலதே. போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் வாடகைக்கு இருப்பதும் துல்சி அம்மையாரின் வீட்டிலேயே. பிறர் கட்டிய மனையிலும் தம் கையாற் கட்டிய மனையிலும் அவர் கால் ஊன்றியது ஒரே குடும்பத்தின் மண்ணில் என்பது இதனாற் புலனாகும்.

அவர் இடையில் பட்ட பணக்கடனும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. சேசுக் கடையில் ஊரார்க்குப் பற்றுவரவாகப் பண்டங்களைக் கொடுக்கின்றார், பணம் திரும்பவில்லை. வழக்கறிஞர் ஒருவர் சொற்கேட்டு, பாக்கி வைத்த மங்குரு என்பான்மேல் வழக்குத் தொடுக்கின்றார். அது மடங்கித் தம்மேலேயே வந்து விழ, வாங்கவேண்டியவரே கொடுக்கவேண்டியவர் ஆகின்றார். கடன் கொடுத்தவன் கடன்பட்டவனாகும் இப்பகுதி நகைச்சுவையோடு எழுதப்பட்டது. ஆயினும் நகைக்கு அடியில் ஓர் உண்மை கிடக்கின்றது. அத்தொல்லையினின்று அவர் வெளியேறும் வழியையும் துல்சி குடும்பத்துச் சேத் என்பாரே வகுத்தளிக்கின்றார். பணக்கடன் தீரும்போதெல்லாம் எண்ணில்லாக் கடன் ஒரு படி ஏறுகின்றது.

4. குறியெதிர்ப்பையும் ஈகையும்

எண்ணுள்ள கடன், எண்ணில்லாக் கடன் என்னும் இப்பகுப்பு நாம் புதிதாகப் படைத்ததன்று. திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் அடுத்தடுத்து நிற்கும் அதிகாரங்கள். முன்னதன் முதற்குறள் (211) கைம்மாறு கருதாத கடப்பாட்டைப் பேசுகின்றது. பின்னதன் முதற்குறள் (221) வறியார்க்குக் கொடுப்பதொன்றே கொடையென்றும், ஏனைய எல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என்றும் வரையறுக்கின்றது. அளவு குறித்து வாங்கி, அவ்வளவே திருப்பித் தருவது குறியெதிர்ப்பை. அண்டை வீட்டில் ஒரு நாழி அரிசி வாங்கி ஒரு நாழி திருப்பும் சிறுகடன் அது. அதனை வள்ளுவர் பழித்தாரல்லர்; ஈகையென்று அதனை அழைத்தல் கூடாது என்றே கூறினார். கடனைக் கடனென்றும் கொடையைக் கொடையென்றும் பெயரிட்டு வழங்குதல் அறத்தின் முதற்படி என்பது இவ்விரு குறள்களையும் சேர்த்து நோக்குவார்க்கு விளங்கும்.

இவ்வரையறையைப் புதினத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். துல்சி குடும்பம் தருவது ஈகையா? அன்று. மருமக்களின் உழைப்பும் பணிவும் அதற்கு எதிராகப் பெறப்படுகின்றன. குறியெதிர்ப்பையா? அதுவும் அன்று, குறிக்கப்பட்ட அளவு அங்கில்லை. ஈகையின் பெயரும் கடனின் பிடியும் கொண்ட மூன்றாவது ஒன்று அது. அளவு குறிக்கப்படாமையால் அதனைத் திருப்பித் தீர்க்க ஒருவராலும் இயலாது. உடுத்த உடையன்றி மிகுதியொன்றும் இல்லாமல் வந்தவர் என்று பிஸ்வாசை அக்குடும்பத்தார் இடித்துரைக்குந்தோறும் அக்கடன் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றது.

சிக்கிம் தெரு வீட்டை வாங்கப் பணம் கொடுப்பவர் அசோதா. அவர் பிஸ்வாசின் தாயுடன் பிறந்தாளாகிய தாராவின் கணவர், செல்வர். அவரும் உறவினரே. எனினும் அவர் கொடுக்கும்போது வட்டி விகிதம் உண்டு, தவணை உண்டு, தொகை உண்டு. உறவினர் வட்டி வாங்குதல் கொடுமையென்று முதற்பார்வையில் தோன்றும். யாமோ இதனையே புதினத்தின் திருப்பமெனக் கருதுகின்றோம். முதன்முறையாகப் பிஸ்வாஸ் பெறும் உதவிக்கு ஓர் அளவு குறிக்கப்படுகின்றது. அளவு உள்ளது ஒருநாள் தீரக்கூடும். தீராவிடினும் இவ்வளவுதான் என்று சொல்லக்கூடும். முன்னுரையிற் கணக்கு வைக்கப்பட்டமைக்குக் காரணம் இதுவே. அக்கணக்கு அவர் வறுமைக்குச் சான்றாதலோடு, அவர் விடுதலைக்கும் சான்றாகின்றது. 3,000 டாலர் என்பது பெருந்தொகையே. ஆயினும் அது ஓர் எண்.

5. செய்ந்நன்றி என்னும் தடை

இங்கே தமிழ் கற்றார் ஒரு தடை எழுப்புதல் கூடும். உதவியின் பெருமை உதவியின் அளவைப் பொறுத்ததன்று, பெற்றவரின் சால்பைப் பொறுத்தது என்பது வள்ளுவம் (105). அவ்வாறாயின் அளவில்லாமை நன்றியின் சிறப்பன்றோ? உண்ணவும் உறங்கவும் இடந்தந்த குடும்பத்தை ஏளனம் செய்து திரியும் பிஸ்வாஸ் நன்றி கொன்றவர் ஆகாரோ?

இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. பிஸ்வாஸ் பல இடங்களிற் சிறுமையாக நடக்கின்றார், மனைவியைப் புண்படுத்துகின்றார், தம்மை ஆதரித்தவர்களுக்கு இழிபெயரிட்டு மகிழ்கின்றார். ஆசிரியர் அதனை மறைக்கவில்லை. ஆயின் செய்ந்நன்றி என்பது பெற்றவன் நெஞ்சில் முளைக்கும் அறம். கொடுத்தவன் கையில் பிடிக்கும் கயிறு அன்று. பெற்றவன் அளவின்றி நினைத்தல் சால்பு. கொடுத்தவன் அளவின்றிக் கேட்டல் சால்பாகாது.

இதனைத் தெளிவாகக் காட்டும் பழம்பாட்டு ஒன்று உண்டு. பெருஞ்சித்திரனார் வறுமையின் கூர்மையை நன்கறிந்த புலவர். உணவில்லாமையால் இல்லத்தையே மறந்து திரியும் தம் சிறுவனை ஒரு பாட்டில் (புறம். 160) காட்டியவர். குமணனிடம் பரிசில் பெற்று வந்தபின் மனைவியை நோக்கி அவர் கூறுவதாக அமைந்தது மற்றொரு பாட்டு (புறம். 163). அதில், யார் யார்க்குக் கொடுக்கவேண்டும் என்று அடுக்குமிடத்தில், சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தோரும் ஒரு வகையினராக எண்ணப்படுகின்றனர். அக்கடனுக்கு ‘நெடு’ என்னும் அடை கொடுக்கப்பட்டிருத்தலின், அது நெடுநாள் நின்ற கடன் என்று கொள்ளலாம். இன்னார்க்கு என்று ஆராயாமலும், தம்மைக் கலந்து எண்ணாமலும், இதனைக் கொண்டு நாம் நன்கு வாழ்வோம் என்று வைத்துக்கொள்ளாமலும் எல்லார்க்கும் கொடு என்கின்றார் புலவர். அங்கே மனைவியை அவர் விளிக்கும் பெயர் மனைக்கு உரியவள் என்னும் பொருளது.

கடன்பட்ட இல்லம் இது. செல்வம் வந்த அன்றே கடன் தீர்க்கும் இல்லமும் இதுவே. ஆயினும் கடன் தந்தார் ஒரு வகையினர், அன்பால் உறைவார் வேறு வகையினர் என்று புலவர் பிரித்தே எண்ணியமை உணரத்தக்கது. பெருங்கொடையின் பெருக்கிலும் அவ்வகைகள் ஒன்றோடொன்று குழம்பவில்லை. அவை குழம்பாமையாலன்றோ அவ்வில்லத்தாள் உரிமையோடு வழங்க முடிந்தது? அனுமான் இல்லத்தில் அவை குழம்பின. ஆகலின் அங்கே கொடுப்பார்க்கும் பெறுவார்க்கும் மனக்கசப்பே மிஞ்சிற்று. நன்றியை வளர்க்கும் மண்ணும் அளவு தெளிந்த மண்ணே என்பது இவ்வொப்பீட்டாற் பெறப்படும்.

6. எண்ணுள்ள கடனின் கடுமை

எண்ணுள்ள கடனை யாம் புகழ்வதாகக் கொள்ளற்க. அதற்கெனத் தனிக் கடுமை உண்டு. புதினம் அதனை விட்டுவைக்கவில்லை. துல்சி அம்மையாரின் மகன் ஓவாடு இங்கிலாந்தினின்று திரும்பியபின் மூண்ட பூசலால் பிஸ்வாஸ் வீட்டைக் காலி செய்யவேண்டியவராகின்றார். அந்நெருக்கடியிலேதான் வழக்கறிஞரின் எழுத்தன் ஒருவன் தன் வீட்டை விற்க முன்வருகின்றான். பகலொளியில் நன்கு ஆராயாமலே 5,500 டாலர் விலைக்கு அதனைப் பிஸ்வாஸ் வாங்குகின்றார். பின்னரே குறைகள் தோன்றுகின்றன. மாடிப்படி வீட்டின் பின்புறத்தில் வெளியே தொங்குவதுபோல் நிற்கின்றது. சாளரங்களும் கதவுகளும் சரிவரப் பொருந்தவில்லை. இருக்க இடமில்லாதவன் பேரம் பேசும் நிலையில் இல்லை. முன்னைக் கடனின் அழுத்தமே பின்னைக் கடனின் விலையை உயர்த்துகின்றது. கடனோடு வீடு வாங்குவார் எவர்க்கும் பொருந்தும் உண்மை இது.

மேலும், நான்காண்டு கடந்தும் அத்தொகை அசையாது நிற்கின்றது. வட்டி போகின்றது; முதல் குறையவில்லை. எண்ணில்லாக் கடன் மனிதனின் மானத்தைத் தின்னும். எண்ணுள்ள கடன் அவன் நாட்களைத் தின்னும். வேலை போனபின் வட்டிக்கு நாட்கள் உள, ஈட்டத்திற்கு இல்லை. நிலமோ வாடகைக்கு உரியது. வீடோ கடனுக்குப் பிணை. இவ்வாறு நோக்கின் பிஸ்வாசுக்கு உரியதாக எஞ்சுவது யாது? தம் குடும்பத்தைத் துல்சி குடும்பத்தின் நடுவே, இடமற்றவர்களாக விட்டு இறக்கவில்லை என்னும் ஒன்றே எஞ்சுகின்றது. முன்னுரையில் அவர் நினைந்து ஆறுதலுறுவதும் அதனையே.

‘விடு’ என்னும் அடிச்சொல் இங்கே நமக்குத் துணைபுரிகின்றது. விடுதல் எனின் எதனை விடுதல் என்னும் வினா எழும். பிஸ்வாசின் வீடு கடனை விட்ட வீடன்று. கடனின் வகையை மாற்றிக்கொண்ட வீடு. அளவற்றதை விட்டு அளவுள்ளதைப் பற்றியமையே அவர் பெற்ற விடுதலை. இவ்வளவிற் சிறியதொரு விடுதலையைச் சிறிதென்றே காட்டி, அதனைப் பெறுதற்கு ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது என்று எழுதியமையே நைப்பாலின் சிறப்பு.

இவ்வாய்வு அயல்நாட்டுப் புதினமொன்றின் அளவில் நிற்பதன்று. இந்திய ரிசர்வ் வங்கி 2015இல் வகுத்த விதிப்படி, 30 இலட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனிலும் மனைமதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு வரையே வங்கி கொடுக்கலாம். கடன்தொகை மிகுமாயின் அவ்விழுக்காடு குறையும். எஞ்சியதை வாங்குவோர் தாமே தேடவேண்டும். நம் குடும்பங்களில் அப்பகுதி பெரும்பாலும் தமையனின் சேமிப்பாகவோ, மாமனாரின் உதவியாகவோ, மனைவியின் நகையாகவோ வருகின்றது. வங்கிக் கடன் ஏட்டில் ஏறுகின்றது, மற்றையது ஏறுவதில்லை. திங்கள்தோறும் தவணை கட்டுவோர் முன்னதை எண்ணி அஞ்சுவர்; ஆண்டுகள் கழிந்தபின் குடும்பத்தைப் பிளப்பது பின்னதாக இருத்தலும் உண்டு. வீடு பற்றிய தமிழ்ப் படைப்புகளை ஆராயும் மாணவர்கள், அவற்றில் வங்கிக்கு உரியது எவ்வளவு என்று மட்டும் பாராமல், எண்ணப்படாதது யாரிடம் நிற்கின்றது என்பதையும் பார்ப்பாராயின் பல புதிய செய்திகள் கிட்டும்.

7. முடிபு

கதையின் இறுதியில் கடன் தீரவில்லை. மகன் ஆனந்து இங்கிலாந்தில் இருக்கின்றான், திரும்பவில்லை. மகள் சாவி திரும்பி வந்து, தந்தை ஒருகாலும் பெற்றறியாத சம்பளத்தில் வேலை பெறுகின்றாள். தந்தை பட்ட பணக்கடன் மக்களிடம் முறைமையாகிய கடனாய் மாறி இறங்குகின்றது. சொல்லின் இருபொருளும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன. ஈமச்சடங்கு முடிந்தபின் சாமாவின் உடன்பிறந்தார் தத்தம் இல்லங்கட்குச் செல்கின்றனர். சாமாவும் மக்களும் சிக்கிம் தெரு வீட்டிற்குச் செல்கின்றனர். போவதற்கு ஓர் இடம் உண்டு என்பது சொல்லாமலே சொல்லப்படுகின்றது.

நைப்பாலின் தந்தை சீபர்சாது நைப்பாலும் செய்தியாளரே. போர்ட் ஆஃப் ஸ்பெயினின் நேப்பாளத் தெருவில் 1946இல் வீடு வாங்கியவர். மகன் ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில், 1953இல் இறந்தவர். புதினம் அத்தெருவின் பெயரை மற்றோர் இமயநாட்டின் பெயராக மாற்றிக்கொண்டது. தந்தையின் இறுதி நாட்களில் அருகிலிராத மகன் எட்டாண்டு கழித்து எழுதிய நூல் இது. நூலின் முதற்பக்கத்திலேயே தந்தையைப் போன்ற ஒருவரின் கடன்தொகையை, வட்டி விகிதத்தோடும் ஒளிக்காமல் அவர் எழுதினார். அளவு குறிக்கமுடியாத தன் கடனை அவர் தீர்க்க முயன்ற வழி அதுவென்பது எம் கருத்து. அக்கடன் தீர்ந்ததா என்று கூற நமக்கு உரிமையில்லை. அவர் அதனைக் கடனென்று பெயரிட்டு எழுதினார் என்பதே திறனாய்வு கொள்ளத்தக்க முடிபு.